ராத்திரி ஷிப்டும் எடைப் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் எங்கள் பந்திங்கைச் சுற்றி ராத்திரி வேலைக்கு ஆள் போகாத வீடு குறைவு. தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகள், செப்பாங் விமான நிலையம், செம்பனை ஆலைகள், மருத்துவமனை, காவல் வேலை என்று ஆளுக்கு ஒரு பக்கம் போகிறோம். எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தின் பின்னறையில் கொஞ்சம் எடைகள் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்பவன் என்பதால் ஒரே சந்தேகங்கள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. நோய், மருந்து என்று வரும் இடத்தில் டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நைட் ஷிப்ட் பாக்குறவன் எடை தூக்கலாமா? உடம்பு இன்னும் கெட்டுப்போயிடாதா?

தாராளமாகத் தூக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைகளுக்கு வேலை தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. ராத்திரி வேலைக்காரர்களுக்கு அதில் விலக்கு கிடையாது. பார்க்கப்போனால் நமக்குத்தான் இது கூடுதலாகத் தேவை. 2019-ல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். தசை வேலை செய்தால் ரத்தத்திலுள்ள சர்க்கரையை அது இழுத்துக்கொள்ளும். நேரம் கெட்டு சாப்பிட்டு நேரம் கெட்டு தூங்குகிற உடம்புக்கு அது பெரிய உதவி.

ஆனால் தூக்கத்தை வெட்டி எடை தூக்கினால் கேடுதான். 2021-ல் ஆஸ்திரேலியாவில் இளைஞர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஒரே ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்ததற்கே தசை புதுப் புரதம் கட்டும் வேகம் 18 சதவீதம் இறங்கியது. தூங்காமல் தூக்கினால் களைப்பு மட்டும் முழுசாக வரும், பலன் குறைவாகத்தான் வரும். அதனால் கீழே உள்ள எல்லாப் பதில்களும் ஒரே கணக்கில் எழுதியவை: முதலில் தூக்கத்துக்கு நேரத்தை ஒதுக்குங்கள், மிச்சமிருக்கும் நேரத்தில் எடையைப் பொருத்துங்கள்.

மில்லுல ராத்திரி பூரா நடையா நடக்குறேன், படி ஏறி எறங்குறேன். அதுவே பயிற்சிதானே?

அது உழைப்பு. உடம்பை அசைய வைக்கிறது, நல்லதுதான். ஆனால் வேலை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பக் கேட்கும், பெரும்பாலும் ஒரே பக்கத்துக்குச் சுமை தரும், போன மாதத்தைவிட இந்த மாதம் பளு கூட்டாது. தசையும் எலும்பும் வலுப்பெற வேண்டுமானால் சுமை கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக வேலை செய்ய வேண்டும். நீண்ட கழியில் அரிவாள் கட்டிச் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களைப் பாருங்கள். தோள் இரும்பாக இருக்கும், முதுகு பிடித்துக்கொண்டு நிற்கும்.

உடலுழைப்பு அதிகம் உள்ளவர் பயிற்சியைக் கூட்டத் தேவையில்லை. வாரம் இரண்டு தடவை, அரை மணி நேரம். வேலை எதைத் தொடவில்லையோ அதைச் செய்தால் போதும்.

வேலை முடிஞ்சு வந்த கையோட செஞ்சிடறதா, தூங்கி எழுந்து செய்யறதா?

தூங்கி எழுந்து. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் வாக்குவாதம் நடப்பதும் இதில்தான். "வந்து படுத்தா எழவே மனசு வராது அண்ணே, இப்பவே முடிச்சிடறேன்" என்பார்கள். புரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். சாயங்காலம் 4 மணிக்கு எழுந்தவர் மறுநாள் காலை 9 மணிக்கு எடை தூக்கினால் 17 மணி நேரம் விழித்திருக்கிறார். 17 மணி நேரம் விழித்தவரின் கவனமும் கைப்பதமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்கும் என்று 1997-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மலேசியாவில் 2020-லிருந்து வண்டியோட்டிகளுக்குச் சட்டம் வைத்திருக்கும் மது வரம்பும் அதே அளவுதான். அந்த நிலையில் தலைக்கு மேல் பார்பெல் தூக்குவதை நான் பக்கத்தில் நின்று பார்க்க விரும்பவில்லை.

இன்னொன்று, நேரம். காலையில் பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் தூக்கத்திலிருந்து கழிகிறது. 7 மணிக்கு வேலை விட்டு, 8 முதல் 9 வரை பயிற்சி செய்து, குளித்துச் சாப்பிட்டுப் படுக்க 10.30 ஆகிவிடும். மதியம் வீடு கொதிக்கத் தொடங்கும் நேரத்தில்தான் ஆழ்ந்து தூங்கப் பார்ப்பீர்கள். எழுந்து, ஏதாவது சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் செய்தால் தலை தெளிவாக இருக்கும். சாயங்காலம் உடம்புச் சூடும் ஏறியிருக்கும். பெரும்பாலானவர்களுக்குத் தசை நன்றாக வேலை செய்வது அந்த நேரத்தில்தான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ராத்திரி வேலை 8 மணி நேரம்தான், அதுவும் உட்கார்ந்த வேலை, வேலைக்கு முன்னால் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்றால் காலையில் செய்யலாம். 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பெரிய எடை வேண்டாம். முடித்த பிறகு படுக்கும் வரை ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

எனக்கு 12 மணி நேர வேலை, நாலு ராத்திரி போனா ரெண்டு நாள் லீவு. எங்க நேரம் இருக்கு?

வேலைக்குப் போகும் நாள்களில் தேடாதீர்கள், கிடைக்காது. 7 முதல் 7 வரை வேலை, போக வர ஒன்றரை மணி நேரம், தூக்கம் 7 மணி நேரம். மிச்சம் மூன்றரை மணி நேரத்தில்தான் குளியல், சாப்பாடு, வீட்டுக் காரியம் எல்லாம்.

உங்களுக்கு இரண்டு நல்ல இடங்கள் இருக்கின்றன. ஒன்று, லீவின் இரண்டாவது நாள். முதல் லீவு நாள் தூக்கக் கடனை அடைக்கும் நாள்; அன்று காலை வந்து நாலைந்து மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்து, ராத்திரி 10 மணிக்கெல்லாம் மறுபடி படுத்துவிடுங்கள். மறுநாள் உடம்பு தெளிந்திருக்கும், கனமான பயிற்சியை அன்று வையுங்கள். இன்னொன்று, முதல் ராத்திரி வேலைக்குப் போகும் நாளின் காலை. முந்தைய ராத்திரி தூங்கியிருப்பீர்கள். 10 மணி வாக்கில் மிதமாகச் செய்து, சாப்பிட்டு, மதியம் 3 மணிக்கு ஒன்றரை மணி நேரம் படுத்து எழுந்து கிளம்பலாம். அந்த மதியத் தூக்கத்தை விட்டுவிடாதீர்கள். விட்டால் மறுநாள் காலை 7 மணிக்கு 24 மணி நேரம் விழித்தவராக வண்டி எடுப்பீர்கள்.

ஆறு நாள் சுற்றுக்கு இரண்டு பயிற்சி ஆகிவிட்டது. திங்கள், புதன், வெள்ளி என்று சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையெல்லாம் பகல் வேலைக்காரர்களுக்கு.

ஜிம்முக்குப் போக வசதியில்ல. வீட்டுல என்ன செய்யறது?

ஐந்து அசைவு போதும். உட்கார்ந்து எழுவது (ஸ்குவாட்), இடுப்பை மடக்கித் தரையிலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது. 20 லிட்டர் தண்ணீர்த் தோங் நிறைந்தால் 20 கிலோ. கையில் பிடித்துத் தூக்கலாம், சுமந்து நடக்கலாம். பத்து கிலோ அரிசி மூட்டையைப் பள்ளிப் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்தால் ஸ்குவாட்டுக்கு எடை தயார். தள்ளுவதற்குப் புஷ்-அப் இருக்கிறது. தரையில் முடியாதவர் மேசை விளிம்பில் கை வைத்துச் செய்யலாம். இழுப்பதற்கு அதே தோங்கை ஒரு கையால் இடுப்பு வரை இழுங்கள்.

ஒவ்வொன்றும் 2 அல்லது 3 செட், செட்டுக்கு 8 முதல் 12 தடவை. கடைசித் தடவை முடியும்போது இன்னும் இரண்டு தடவை செய்யலாம் என்ற தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். 12 தடவை சுலபமாகிவிட்டால் எடையைக் கூட்டுங்கள். தோங்குக்குள் மணல் போட்டால் தண்ணீரைவிடக் கனம்.

பகல்ல படுத்தா தூக்கமே வரல அண்ணே. மூணு மணி நேரத்துல முழிப்பு தட்டுது.

வெளிச்சம், சூடு, சத்தம். இந்த மூன்றையும் தனித்தனியாகக் கவனியுங்கள். வெளிச்சம் மூளைக்குப் பொழுது விடிந்துவிட்டது என்று சொல்லி, தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பை அடக்கிவிடும். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதனால் நமக்கு விடிவதே 7 மணியை ஒட்டித்தான். 7 மணிக்கு ஷிப்ட் விட்டு வருகிறவர் வீடு வரைக்கும் விடியலுக்குள்ளேயே வருகிறார். பேக்டரி பஸ்ஸில் வந்தால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். படுக்கும் அறையின் சன்னலில் தடித்த கறுப்புத் துணியை ஓரத்தில் இடைவெளி இல்லாமல் ஆணியடித்து மாட்டுங்கள். கையை நீட்டினால் விரல் தெரியக் கூடாது.

சூட்டுக்கு அறையை மாற்றிப் பாருங்கள். மேற்குச் சுவர் உள்ள அறை மதியம் ஒரு மணியிலிருந்து அடுப்பாகிவிடும். தகரக் கூரைக்கு நேர் கீழே படுப்பதைவிடக் கூடத்துத் தரையில் பாய் போட்டுப் படுப்பது மேல். படுப்பதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் உடம்புச் சூடு பிறகு இறங்கித் தூக்கத்தைக் கொண்டு வரும். சத்தத்துக்குப் பழைய மேசைக் காற்றாடியை வேகமாக வையுங்கள். ரொட்டிக்காரர் ஹார்னையும், 'சூராட் காபார் லாமா' என்று கத்திக்கொண்டு போகும் பழைய பேப்பர் லோரியையும் அந்த இரைச்சல் ஓரளவு விழுங்கும். காது அடைப்பான் மருந்துக்கடையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். கதவில் ஓர் அட்டை மாட்டுங்கள். பகலில் தூங்குகிறவனைச் சோம்பேறி என்று நினைக்கும் சொந்தக்காரர்களுக்கு அட்டை மட்டும் போதாது, வீட்டில் ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நெஸ்காப்பி இல்லாம ராத்திரி ஓட்ட முடியாது. எப்ப வரைக்கும் குடிக்கலாம்?

ராத்திரி 2 மணி. அதற்கு மேல் தண்ணீர்தான். காப்பியில் உள்ள கெஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன் நிறையக் குடித்தால்கூட ஒரு மணி நேரத் தூக்கம் போகிறது என்று ஆய்வு இருக்கிறது. காலை 8.30-க்குப் படுக்கிறவருக்கு 2 மணி என்பதே கொஞ்சம் தாராளம். தே தாரிக், கோலா, சக்தி பானம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. சாயங்காலப் பயிற்சிக்கு முன் ஒரு கப் காப்பி குடிக்கலாம். அது ராத்திரி வேலைக்கும் ஆகும்.

ராத்திரி மூணு மணிக்கு நாசி லெமாக் சாப்பிடலன்னா கை நடுங்குது. சாப்பிடலாமா?

ராத்திரியில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவு. அதே தட்டு நாசி லெமாக் பகலில் ஏற்றும் அளவைவிட ராத்திரியில் அதிகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றும். பெரிய சாப்பாட்டை வேலைக்குப் போகும் முன், பயிற்சிக்குப் பிறகு சாப்பிடுங்கள். நள்ளிரவு வாக்கில் சின்னதாக ஒரு சாப்பாடு: இரண்டு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், அல்லது சார்டின் வைத்த ரொட்டி. காலையில் வந்து கொஞ்சமாகச் சாப்பிட்டுப் படுங்கள். வெறும் வயிறும் தூக்கத்தைக் கெடுக்கும், நிறைந்த வயிறும் கெடுக்கும்.

எடை தூக்குகிறவருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது நல்ல அளவு. 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். மூன்று முட்டையில் 18, சமைத்த கோழி நெஞ்சுக்கறி 150 கிராமில் 45, சின்ன டின் சார்டினில் ஏறக்குறைய 20, தெம்பே (புளிக்க வைத்த சோயா) 100 கிராமில் 19, ஒரு தம்ளர் பாலில் 8. கூட்டினால் 110. சோற்றிலும் பருப்பிலும் வருவது இதற்கு மேல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

புரட்டாசில கவிச்சி கிடையாது. அந்த மாசம் பயிற்சிய நிறுத்திடட்டுமா?

நிறுத்த வேண்டாம். புரட்டாசி விழும் செப்டம்பர், அக்டோபர்தான் பெரும்பாலும் செம்பனைக் காய்ப்பு உச்சத்தில் இருக்கும் காலமும். வெட்டிய பழத்தைக் காலம் கடத்தாமல் அவிக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்பதால் ஆலை ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். வேலை கூடும் நேரத்தில் முட்டையும் கறியும் போய்விடுகின்றன. அதனால் அந்த மாதம் எடையைக் கூட்டாதீர்கள். இருக்கும் எடையைத் தக்கவைத்தால் போதும்.

புரதத்துக்குத் தெம்பேதான் கைகொடுக்கும். நம் ஆள்கள் பலர் அதை மலாய்க் கடைச் சாப்பாடு என்று ஒதுக்குவது எனக்குப் புரியாத விஷயம். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு பிரட்டிப் பொரித்தால் மீன் வறுவலைத் தேட மாட்டீர்கள். தவ்ஹூ, கொண்டைக்கடலை, பருப்பு, தயிர், பால் எல்லாம் சேர்த்தால் 80 கிராம் தாண்டலாம். ஒரு மாதத்துக்கு அது போதும். தைப்பூசத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு விரதம் இருப்பவர்கள் அந்த ஒருவேளைக்குப் பிறகே பயிற்சி செய்யுங்கள், செட்டுகளைப் பாதியாக்குங்கள்.

எனக்கு வாரா வாரம் ஷிப்ட் மாறும். காலை, மதியம், ராத்திரின்னு சுத்தும். எப்படிப் பழகுறது?

நேரத்தைப் பழக்காதீர்கள், வரிசையைப் பழக்குங்கள்: தூக்கம், சாப்பாடு, பயிற்சி. காலை வேலை வாரத்தில் பயிற்சி சாயங்காலம் 5 மணியாக இருக்கும். மதிய வேலை வாரத்தில் காலை 10 மணி. ராத்திரி வாரத்தில் சாயங்காலம் 4.30. கடிகாரம் எதைக் காட்டினாலும் எழுந்து எத்தனை மணி நேரம் ஆச்சு என்பதை எண்ணுங்கள்.

உடம்பின் உள்கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். ஒரே நாளில் எட்டு மணி நேரம் மாற்றினால் அது பின்தங்கித்தான் வரும். அதனால் ஷிப்ட் மாறியதும் முதல் இரண்டு தூக்கம் முடியும் வரை பயிற்சி வேண்டாம். அப்புறம் செய்யும் முதல் பயிற்சியில் எடை பழையதே, செட் மட்டும் ஒன்று குறைவு. காலையிலிருந்து மதியம், மதியத்திலிருந்து ராத்திரி என்று முன்னோக்கிச் சுற்றினால் தாங்குவது சுலபம். அட்டவணை போடும் சூப்பர்வைசர் காது கொடுப்பவராக இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

நாலு மணி நேரம்தான் தூங்குனேன். இன்னிக்கு செய்யலாமா வேணாமா?

ஆறு மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்தால் வழக்கம் போல. நான்கிலிருந்து ஆறு என்றால் செட்டுகளைப் பாதியாக்கி, எடையைக் கொஞ்சம் குறைத்து, தலைக்கு மேல் தூக்குவதையும் முதுகில் பார்பெல் வைப்பதையும் விட்டுவிடுங்கள். நான்குக்குக் கீழே என்றால் பயிற்சிக்கு வைத்த நேரத்தில் போய்ப் படுங்கள். தொடர்ந்து இரண்டு நாள் அப்படி ஆனால் பயிற்சியைப் பற்றி யோசிக்காமல், ஏன் தூக்கம் கெடுகிறது என்பதைத் தூக்கம் பற்றிய பதிலை வைத்துச் சரிபாருங்கள்.

மோட்டார்ல வர்றப்ப கண்ணு சொருகுது. காப்பி குடிச்சிட்டு வரலாமா, நீங்கதான் கூடாதுன்னீங்களே?

குடியுங்கள். 2 மணிக்கு மேல் கூடாது என்றது தூக்கத்துக்காக. சாலையில் உயிர்தான் முக்கியம். அதைவிட நல்லது, கிளம்பும் முன் ஓய்வறையில் 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். காப்பியைக் குடித்துவிட்டு உடனே படுத்தால், எழும்போது அது வேலை செய்யத் தொடங்கியிருக்கும். மோட்டார் ஓட்டி வருகிறவர் கறுப்புக் கண்ணாடி போட வேண்டாம். பஸ்ஸில் வருகிறவருக்குச் சொன்னது அது. அந்த நேரத்து வெளிச்சம் உங்களை விழிப்பாக வைத்திருக்கும். ஒன்பது மணிக்கு மேல் செம்பனை லோரிகள் வரிசைகட்டும் சாலையில் தூக்கக் கலக்கத்தோடு எதிரே வராதீர்கள்.

அண்ணா, நான் நர்ஸ். ராத்திரி 9 முதல் காலைல 7. ஒரு மணிக்குப் பிள்ளைய தமிழ்ப்பள்ளியில இருந்து கூட்டிட்டு வரணும். ஏழு மணி நேரம் எப்படித் தூங்குறது?

ஒரே மூச்சில் முடியாவிட்டால் இரண்டாகப் பிரியுங்கள். 8 முதல் 12.30 வரை நாலரை மணி நேரம், சாயங்காலம் 5 முதல் 7.30 வரை இன்னொரு தவணை. மொத்தம் ஏழு. இரண்டாவது தவணைக்கு வீட்டுக்காரர் அடுக்களையையும் பிள்ளையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இதைப் பயிற்சி ஆலோசனை என்று சொல்வதா குடும்ப ஆலோசனை என்று சொல்வதா தெரியவில்லை, ஆனால் இது நடக்காமல் மற்றது எதுவும் நடக்காது.

பயிற்சி இரண்டு தூக்கத்துக்கும் நடுவே, 3 மணி வாக்கில். பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் 20 நிமிடம்: ஒரு நாள் ஸ்குவாட், புஷ்-அப், இன்னொரு நாள் தரையிலிருந்து தூக்குவது, இழுப்பது. உடம்பு ஆம்பிளை மாதிரி ஆகிவிடும் என்ற பயம் வேண்டாம். அந்த அளவுக்கு வளர ஆண்களே வருடக்கணக்கில் படாத பாடு படுகிறார்கள்.

எனக்கு இனிப்பு நீர், பிரஷர் ரெண்டும் இருக்கு. மாத்திரை சாப்பிடுறேன். செய்யலாமா?

செய்யலாம், ஆனால் தொடங்கும் முன் அரசாங்க கிளினிக்கில் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குப் பயிற்சியில் சர்க்கரை விழுவது அரிது. இன்சுலினோ கிளிக்லசைடோ எடுப்பவருக்கு விழலாம்; ராத்திரி வேலையில் சாப்பாட்டு நேரமும் மாத்திரை நேரமும் குழம்புவதால் இன்னும் சுலபமாக விழும். பயிற்சிக்கு முன் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். 5.0 mmol/L-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுக் கொஞ்சம் பொறுத்துத் தொடங்குங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே நிறுத்தி இனிப்பாக எதையாவது குடியுங்கள்.

பிரஷர் உள்ளவர் மூச்சை அடக்கித் தூக்கக் கூடாது. தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். உட்கார்ந்து அளந்தாலே 180/110-க்கு மேல் காட்டினால் எடையைத் தொடாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

லீவு நாள்ல ஓ.டி. கூப்பிடுறாங்க. போனா காசு, போகலன்னா பயிற்சி. என்ன செய்யறது?

காசு தேவைப்படுகிறவரிடம் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. எல்லை எங்கே என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) மாதத்துக்கு 104 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வார வேலை நேரம் 2023 ஜனவரி 1 முதல் 48-லிருந்து 45 ஆனது. ஷிப்ட் வேலைக்காரருக்குத் தொடர்ச்சியாக 30 மணி நேரம் கிடைத்தாலே அது ஓய்வு நாளாகக் கணக்காகும். அந்த 30-ல் இரண்டு தடவை ஏழு மணி நேரம் தூங்கினால் மிச்சம் 16 மணி நேரம். அதில் பயிற்சிக்கு அரை மணி கிடைக்கும்.

ஓ.டி. அதிகம் உள்ள மாதத்தில் வாரம் ஒரு பயிற்சிக்கு இறங்குங்கள். எடையைக் குறைக்காமல் ஒரு தடவை செய்தாலே இருக்கும் வலு பல வாரங்களுக்கு நிற்கும். ஓ.டி.க்கும் பயிற்சிக்கும் நடுவே தூக்கத்தை மட்டும் பணயம் வைக்காதீர்கள்.

எட்டு மணி நேரம் தூங்கியும் அசதியா இருக்கு. வீட்டுல கொறட்டை தாங்க முடியலங்கிறாங்க.

இதற்குப் பயிற்சியில் பதில் இல்லை. பெருங்குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, எழுந்ததும் தலைவலி, எவ்வளவு தூங்கினாலும் தூக்கம் சொக்குவது எல்லாம் தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறின் அடையாளங்கள். கிளினிக்கில் சொல்லி மருத்துவமனைக்குக் கடிதம் வாங்குங்கள். வீட்டில் இருப்பவர் போனில் அந்தக் குறட்டையைப் பதிவு செய்து கொடுத்தால் டாக்டருக்கு உதவும். பிரஷர் மாத்திரைக்கு அடங்காமல் இருக்கிறதென்றால் தள்ளிப்போடாதீர்கள்.

பவுடர் வாங்கணுமா?

சாப்பாட்டில் புரதம் எட்டவில்லை என்றால் மட்டும். பால் சாப்பிடும் விரதக்காரருக்கு வே புரதம் பிரச்சினை இல்லை, அது பாலிலிருந்து எடுப்பது. கிரியாட்டின் நாளுக்கு 3 முதல் 5 கிராம் எடுக்கலாம். எந்த நேரத்தில் என்பது பொருட்டில்லை. பயிற்சிக்கு முன் குடிக்கும் கலர் கலரான பொடிகளில் பெரும்பாலும் கெஃபீன்தான். காப்பி மலிவு.

தீபாவளி, கல்யாணம்னு மூணு வாரம் விட்டுப்போச்சு. மறுபடி எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

மூன்று வாரத்தில் வலு அதிகம் போயிருக்காது. தசை சுருங்கின மாதிரி தெரிவது பெரும்பாலும் அதில் தேங்கியிருந்த மாச்சத்தும் தண்ணீரும் குறைந்ததுதான். கடைசியாக 40 கிலோ தூக்கினால் 30-ல் தொடங்குங்கள், இரண்டு செட் மட்டும். மறுநாள் உடம்பு வலிக்கும், எதிர்பார்த்ததுதான். அடுத்த தடவை 35, அதற்கடுத்து 40. ஆனால் முதல் பயிற்சியை ராத்திரி வேலைக்குப் போகும் நாளில் வைக்காதீர்கள். தொடை பிடித்துக்கொண்டு படியேறுவது கொடுமை. மண்டபத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு சேதி: தீபாவளிக்கு அடுத்த வாரம் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி வருவார்கள். 4 மணிக்கு முன்னால் வந்தால் எடை காலியாகக் கிடைக்கும்.